வெட்டு மேசையில் தட்டிய சொற்கள்: ஒரு பச்சைக் கொப்பியோடு மொன்றியலுக்கு

கடந்த செப்டெம்பரில் ஒன்பது நாட்கள் மொன்றியலில் இருந்துவிட்டு வந்தேன். கனடாவுக்கு வெளிக்கிடும் நோர்வேத் தமிழர் பெரும்பாலும் நேரே ரொறொன்ரோவுக்குத்தான் ஓடுவார்கள். மொன்றியலுக்குப் போகிறேன் என்று சொன்னதும், "அங்கை என்ன கிடக்கு?" என்று நாலு பேராவது கேட்டார்கள். யோகன் கிடக்கிறான் என்று சொன்னேன். யோகன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அது என் பிழைதான்.

ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன். புதிதாக வருபவர்களுக்கு நோர்வேஜிய மொழி படிப்பிப்பதுதான் என் வேலையாக இருந்தது. பாடசாலை அலுமாரியைக் காலி பண்ணும்போது, அடித்தட்டிலிருந்து ஒரு பச்சை மட்டைக் கொப்பி வந்தது. கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு நீண்ட நோர்வேஜியச் சொல் நோர்வேஜிய எழுத்திலும் தமிழ் எழுத்திலும் எழுதப்பட்டு, நடுவில் ஒரு நிமிர்ந்த கோட்டால் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. மட்டையில் என் பெயர். உள்ளே இருந்த எழுத்து யோகனுடையது. அன்றைக்கே ரிக்கெற் பார்க்கத் தொடங்கினேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவிலிருந்து ஆம்ஸ்ரடாம் வழியாகப் போய்வர 7,840 குரோனர். கனடாவுக்கான மின்னணு அனுமதி ஏழு டொலர். அதை வீட்டிலிருந்தே கைபேசியில் எடுத்துவிடலாம். ஆம்ஸ்ரடாமிலிருந்து ஏழரை மணித்தியாலம் பறந்து, உள்ளூர் நேரம் பிற்பகல் 3.10-க்கு இறங்கினேன். நேர வித்தியாசம் ஆறு மணித்தியாலம். முதல் இரண்டு நாளும் காலை நாலு மணிக்கே விழிப்பு வந்தது.

விமான நிலையத்திலிருந்து 747 பஸ். நான் போனபோது பதினொரு டொலர், அதே ரிக்கெற்றில் இருபத்துநாலு மணித்தியாலம் மெட்ரோவிலும் போகலாம். லியோனல்-குரூ நிலையத்தில் இறங்கி, ஒறேஞ் பாதையில் மொன்மொரன்சி என்று எழுதியிருக்கும் ரெயினைப் பிடித்தால், ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் ஒன்றி-பூராசா. படியேறி மேலே வந்தேன். நரைத்த தாடியோடு ஒருவர் சுவரில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பிக் கோப்பையை அவர் விரலால் தட்டிக்கொண்டிருந்த விதத்தில்தான் ஆளை அடையாளம் கண்டேன்.

"வழுக்கை விழுந்திட்டுது," என்றான் யோகன், முப்பது வருடத்துக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தையாக.

"உனக்குத் தாடி முளைச்சிருக்கு."

"ஓம். பெட்டியைத் தா. பஸ் வருது."

தட்டுகிற கதையை இந்த இடத்தில் சொல்லவேண்டும். நானும் யோகனும் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஒன்றாக நின்றவர்கள். ஒரு நீண்ட உருக்கு மேசை, அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வருகிற மீனை முள் எடுத்து வெட்டித் தள்ளவேண்டும். பின்னேரம் மொழி வகுப்பு. நோர்வேஜிய மொழியில் எங்களைப் பயமுறுத்தியது அந்தப் புகைவண்டிச் சொற்கள்தான். கடதாசியில் இடைவெளியே இல்லாமல் ஓடும். வெட்டுகிறவன் என்பதாலோ என்னவோ, யோகனுக்குத்தான் அவற்றின் மூட்டு முதலில் தெரிந்தது.

"இது ஒரு சொல்லில்லை மச்சான், ரெண்டு சொல்லு கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது," என்றான். சீகெஹூஸ் என்றால் ஆஸ்பத்திரி. சீகெ நோய், ஹூஸ் வீடு. பார்னெஹாகெ என்றால் பாலர் பள்ளி. பார்னெ பிள்ளை, ஹாகெ தோட்டம். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு "ஸ்" பசை மாதிரி ஒட்டியிருக்கும், அந்தப் பசை முதல் துண்டோடுதான் போகும். வீடும் கூரையும் சேரும்போது வீட்டுக்கூரை என்று நாங்கள் ஒரு "க்" போட்டு இறுக்குகிறோமே, அப்படித்தான். முதலில் மூட்டில் வெட்டு, பிறகு ஒவ்வொரு துண்டையும் அசை அசையாகப் பிரி. பின்னாளில் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் இவ்வளவுதான்.

அதை அவன் விளையாட்டாக்கினான். கத்திப் பிடியால் மேசை விளிம்பில் தட்டி முதல் துண்டைச் சொல்வான். அடுத்த துண்டை நான் தட்டிச் சொல்லவேண்டும். "ஆர்-பைட்ஸ்" என்று இரண்டு தட்டுவான். அது வேலை. நான் விரும்பியதைக் கட்டலாம். "தில்-லா-தெல்-செ" என்று நாலு தட்டினால் வேலை அனுமதி. "கா-மெ-ராட்" என்று மூன்று தட்டினால் வேலைத் தோழன். நான் எப்போதும் நாலுதான் தட்டுவேன். அந்தக் காலத்தில் அனுமதிக் கடிதத்தைத் தவிர வேறு நினைப்பு எனக்கில்லை. பிழையாகக் கட்டினால் பக்கத்து மேசை நோர்வேஜியப் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். இரவு அறைக்குப் போனதும் யோகன் அன்றைய சொற்களைக் கொப்பியில் எழுதுவான்.

இனி மொன்றியல். யோகனின் வீடு மொன்றியல்-நோர் என்ற வடக்குப் புறத்தில், மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். வெளியே வளைந்த இரும்புப் படி. ஒன்றி-பூராசாவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். கீழே ஒரு தெப்பனர், அதாவது எங்கள் மூலைக்கடை. பாலும் பாணும் பியரும் விற்கிற ஹெயிற்றியக்காரர் காலையில் "பொன்ஜூர்" சொல்லாமல் எதையும் எடுக்க விடமாட்டார். நீங்களும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், பிறகு ஆங்கிலத்தில் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

யோகனின் மனைவி சாந்தி மட்டக்களப்புக்காரி. போன கையோடு புட்டும் மீன் குழம்பும் வைத்தார். "அண்ணை, தயிர் குளிரலுமாரிக்குள்ள இருக்கு, எடுங்க," என்றார். எடுத்துக்கொண்டு வந்து இருந்த பிறகுதான் உறைத்தது. குளிரலுமாரி. நோர்வேஜியத்தில் ஃபிரிஜ்ஜுக்கு அதே பெயர்தான், குளிரும் அலுமாரியும்.

"இந்த வீட்டில எல்லாம் அப்பிடித்தான்," என்றார் சாந்தி. "வக்கூம் கிளீனர் தூசுறிஞ்சி. ஆஸ்பத்திரியை நோய்வீடு எண்டு சொல்லாதீங்க, வாய்க்குக் கூடாதெண்டு நான் எத்தனை தரம் சொல்லியாச்சு. கேக்க மாட்டார்."

மகள் துளசி வேலை முடிந்து வந்தாள். பிரெஞ்சில் நினைத்து ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளை. தன் மகளைக் காலையில் கார்தறியில், அதாவது பாலர் பள்ளியில், விடுகிறாள், ஆனால் அம்மாவோடு கதைக்கும்போது, "பிள்ளைத்தோட்டம் நாளைக்குப் பூட்டு அம்மா," என்றாள். உலகத்தில் இந்த ஒரு வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை என்பது அவளுக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்ததாம். நான் அந்தச் சொற்களை வைத்துச் சம்பளம் எடுத்தேன். இவன் அவற்றை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

பிரெஞ்சு எப்படிப் பிடிபட்டது என்று கேட்டேன்.

"பட்ட பாடு. இஞ்ச எல்லாம் பின்னுக்கிருந்து முன்னுக்கு. குளியலறை எண்டு சொல்லமாட்டான், அறை, குளிப்பின்ரை எண்டுவான். நடுவில 'து, து' எண்டு ஆணி வேறை. வந்த புதுசில துறைமுகத்துக் கிட்ட ஒரு சாமான் கிடங்கில வேலை. நான் நோர்வே ஞாபகத்தில பெட்டியில எல்லாச் சொல்லையும் ஒட்டி எழுதிப்போட்டன். மேற்பார்வையாளன் வந்து, இடைவெளிக்கும் காசு கேக்கிறாங்களோ எண்டு கேட்டான்."

மூன்று நாள் இப்படிச் சிரித்தே போனது. பழைய நகரத்தைப் பார்த்தேன், மலையில் ஏறினேன், மேப்பிள் இலை ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. கொப்பி என் பையை விட்டு வெளியே வரவில்லை. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழும்புவேன். பின்னேரம் ஏதாவது சாட்டுக் கிடைக்கும். சொன்னால் அந்த இரும்புப் படியில் இனி என்னை ஏறவிடுவானா என்ற பயம்தான்.

நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். ஒரு நாள் வகுப்பில் அந்தக் கொப்பி என் மேசையில் கிடந்தது. யோகன் அன்று காய்ச்சலில் அறையில் படுத்திருந்தான். ரீச்சர் எடுத்துப் பார்த்து, பிரமித்து, "நீ செய்ததா?" என்று கேட்டார். நான் "யா" என்றேன். ஆமென்பதற்கு ஓரசைச் சொல். ரீச்சர் மட்டையில் என் பெயரை எழுதி, படியெடுத்து, புதிதாக வந்த தமிழர் எல்லோருக்கும் கொடுத்தார். தொழிற்சாலை என்னை வெட்டு மேசையிலிருந்து மேல்மாடிக் கந்தோருக்கு, எழுத்து வேலைக்கு மாற்றியது. அங்கிருந்து பாடசாலை. யோகன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில் கனடாவுக்குப் போய்விட்டான், மொன்றியலில் அவனுடைய அண்ணர் இருந்தார்.

நாலாம் நாள் துறைமுகத்துக்குக் கிழக்கே ஆற்றோரப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நுழைவுக்குக் காசில்லை, வாங்குகள் உண்டு, காற்று மட்டும் பொல்லாதது. ஒரு கொள்கலன் கப்பல் மெதுவாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கொப்பியை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரட்டினான். மட்டையை மூடி, என் பெயரைப் பார்த்தான்.

"உன்ரை பேர் இருந்திருக்க வேணும்," என்றேன். "ரீச்சர் கேக்கேக்க நான் ஓம் எண்டிட்டன். இண்டை வரைக்கும் நான் சாப்பிட்டது அந்த ஒரு ஓமிலதான்."

"தெரியும். படியெடுத்ததில எனக்கும் ஒண்டு தந்தவை. என்ரை எழுத்தை எனக்கே இருத்திவைச்சு விளங்கப்படுத்தினவ ரீச்சர்."

"கோபம் வரேல்லையோ?"

"வந்தது. ஒரு கிழமை. பேந்து பாத்தன், அதுக்குள்ள கனக்கப் பிழை கிடக்கு. எல்லாம் இனி இவன்ரை பேரிலதானே எண்டு விட்டிட்டன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கப்பலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பேருக்காக நான் நோர்வேயை விட்டு வரேல்லை மச்சான். நீ மேல போனாப்பிறகு உன்ரை இடத்தில ஒருத்தரையும் விடேல்லை, ஒரு மெஷினைக் கொண்டந்து பூட்டினவை. நான் பழக்கத்தில ரெண்டு தட்டிப்போட்டு நிப்பன். அங்காலப் பக்கம் ஆரும் இல்லை. ஒரு நாளாவது கீழ இறங்கி வந்து தட்டியிருக்கலாம். பத்துப் படிதானேடா."

பதினொரு படி. எனக்கு நல்ல ஞாபகம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேலே கண்ணாடியால் அவனைப் பார்த்திருக்கிறேன். கந்தோர் சேட்டில் மீன் மணம் ஏறிவிடும் என்றுதான் இறங்கவில்லை. அதையும் சொன்னேன், வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். முப்பது வருடமாக ஒரு குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆயத்தப்படுத்திக்கொண்டு, வேறொரு குற்றத்தை மறந்தே போயிருந்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளடா," என்றேன்.

"குளிருது. எழும்பு," என்றான்.

வீட்டுக்குப் போனதும் கொப்பியைக் குளிரலுமாரிக்கு மேலே வைத்தான். மட்டையில் இருந்த என் பெயரை வெட்டவுமில்லை, தன் பெயரை எழுதவுமில்லை. மற்ற நாட்களில் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சாப்பிட்டோம், நடந்தோம், ஐந்தாம் ஆறாம் தரம் சொன்ன பழைய கதைக்கும் சிரித்தோம். வடக்குக் கரையின் அந்தச் சின்ன ஊர் எனக்கு இவ்வளவு தேவைப்பட்டிருந்தது என்று மொன்றியலுக்கு வந்துதான் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். செப்டெம்பர் கடைசி நல்ல காலம், பகலுக்கு மெல்லிய ஜக்கற் போதும், ஆற்றோரத்துக்குத் தடித்தது வேண்டும். நோர்வேயிலிருந்து கருவாடு கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் படிவம் நிரப்பியே களைத்துப்போவீர்கள். சொந்தக்காரர் வீட்டில் நிற்பதானால் மெட்ரோவுக்குப் பக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றி-பூராசாவைச் சுற்றியுள்ள அஹுன்ட்சிக் பக்கம் வசதி. என்னைப்போல ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். மிச்ச நாட்கள் உங்களுக்கு மிஞ்சும்.

திரும்பும்போது விமானத்துக்கு நாலு மணித்தியாலம் முன்பே புறப்படுங்கள், 747 நெரிசலில் மாட்டும். யோகன் லியோனல்-குரூ வரை கூட வந்து பெட்டியை ஏற்றிவிட்டான். நான் யன்னலோரம் இருந்தேன். சாரதி கதவைச் சாத்தினார், பஸ் உடனே எடுக்கவில்லை. யோகன் வெளியே நின்று, கண்ணாடியில் விரல் மூட்டால் இரண்டு தட்டினான். தட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றான்.

நான் உள்ளேயிருந்து, இந்தமுறை நாலல்ல, மூன்று தட்டினேன்.