மாமாவுக்கு அனுப்பிய படங்கள்

பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில் மாமாவின் செய்தி வரும். "படம் அனுப்பு." அவ்வளவுதான். லண்டனில் அப்போது மத்தியானமாக இருக்கும். சாப்பாட்டுக்கு உட்காருமுன் அவருக்கு அந்தப் படம் வேண்டும். புங்குடுதீவில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில், இணைய சமிக்ஞை விழுகிற ஒரே மூலையில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, வருகிற பட்டியலைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்புவேன். இன்றைக்கும் அந்த நேரத்தில் தொலைபேசி சிணுங்கினால் என் பல் தானாகக் கடிபடும்.

மாமா அம்மாவின் தமையன். எங்கள் ஊர்க்காரர் பலரையும்போலத் தெற்கில் ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்து, கலவரத்தில் அதை இழந்து, லண்டனுக்குப் போய் மறுபடி கடை போட்டவர். பிறகு தமிழ்க் கடைகளுக்கெல்லாம் இருப்புப் பார்க்கிற ஒரு மென்பொருள் செய்து விற்கலாம் என்று நினைத்தார். நான் யாழ்ப்பாணத்தில் கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. "வெளியாளுக்குக் குடுக்கிறதை மருமகளுக்குக் குடுப்பம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அந்த மென்பொருளின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான்தான் எழுதினேன்.

அந்தப் பட்டியல் என்னவென்று சொல்லிவிட வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளைப் பொதுவான ஒரு களஞ்சியத்தில் ஒப்படைத்து வைப்பார்கள். எது, எப்போது, யாரால் மாறியது என்பதையெல்லாம் அந்தக் களஞ்சியம் நினைவில் வைத்திருக்கும். நம் கணினியில் இருப்பவற்றில் எவை இன்னும் ஒப்படைக்கப்படவில்லை என்று அறிய ஒரு கட்டளை உண்டு. அது கோப்புகளை நிலைவாரியாக வரிசைப்படுத்திக் காட்டும்: இவை மாற்றப்பட்டவை, இவை நீக்கப்பட்டவை, இவை புதியவை ஆனால் இன்னும் சேர்க்கப்படாதவை. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் பட்டியலில் ஒன்றும் இராது. வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மாமாவுக்கு இது நேர்மாறாக விளங்கியிருந்தது. கடைக்காரர் அல்லவா, இராக்கைத் தட்டு நிறையச் சாமான் இருந்தால்தான் அவருக்குக் கடை. பட்டியல் நீளமாக இருந்த நாட்களில் "கெட்டிக்காரி" என்று ஒரு செய்தி வரும். குறுகியிருந்தால் பதிலே இராது. இரண்டு தடவை விளங்கப்படுத்தப் பார்த்தேன். "உந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். கண்ணால பாக்கிறதைத்தான் நான் நம்புவன்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அப்பா காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வந்தது. சடங்கன்று கணினியைத் தொட வேண்டியிராதபடி, முதல்நாளே மிச்ச வேலையெல்லாம் செய்து முடித்து ஒப்படைத்தேன். அன்று அனுப்பிய படத்தில் பட்டியல் வெறுமையாக இருந்தது. மாமா அதை மறுநாள் காலையில் எழும்பித்தான் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டில் அப்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் தொலைபேசிக்கு அழைப்பெடுத்தார். கையில் சோற்றுக் கரண்டி இருந்ததால் அம்மா ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு மேசையில் வைத்தாள்.

"உன்ர மகள் நேற்று ஒரு வேலையும் செய்யேல்லை. வெறும் படம் அனுப்பியிருக்கிறாள். என்னைப் பேயன் எண்டு நினைச்சாளோ?"

"அண்ணை, இண்டைக்கு இவற்ர அந்தியேட்டி..."

"தெரியும். தகப்பன் செத்திட்டார் எண்டு வேலை நிக்கேலுமே? தகப்பன் இருக்கேக்கயும் உங்களுக்குச் சாப்பாடு போட்டது நான்தானே!"

இலையில் கை வைத்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அப்பா கடைசி மாதம்வரை குறிகட்டுவான் துறையில் படகுகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய மனிதர். அவருடைய படம் மாலையோடு சுவரில் இருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "மன்னிப்புக் கேள் பிள்ளை. மாமா எல்லே" என்றாள். அத்தனை பேர் முன்னால், அப்பாவுக்குப் படைத்த சோற்றுக்கு முன்னால், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா" என்று மேசையில் கிடந்த தொலைபேசியிடம் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவருக்கு நீளமான பட்டியல்களைக் கொடுக்கத் தொடங்கினேன். வேலை செய்யாமல் இல்லை. முன்னைவிட நன்றாகச் செய்தேன். அதுவரை நான் ஒப்படைத்திருந்தது, கடைகளில் ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பு. புதிய பதிப்பு முழுக்க முடிந்த பிறகுதான் அதை வெளியே காட்டுவது என்று மாமா வைத்திருந்தார். அந்தப் புதிய பதிப்பின் ஒரு கோப்பையும் நான் களஞ்சியத்தில் ஒப்படைக்கவில்லை. எல்லாம் என் மடிக்கணினியிலேயே கிடந்தது. பட்டியல் போதாத நாட்களில், தொடத் தேவையில்லாத கோப்புகளைத் திறந்து ஒரு வெற்று இடைவெளியைத் தட்டி மூடினேன். அவையும் மாற்றப்பட்டவை என்று வரிசையில் வந்து நின்றன. ஒரே படத்துக்குள் அடங்காமல் பட்டியல் வளர்ந்தது. மாமா பூரித்துப்போனார். "இப்பதான் நீ வேலை பழகியிருக்கிறாய்" என்று எழுதினார். அதை வாசித்துச் சிரித்தேன். நல்ல சிரிப்பல்ல அது.

அடுத்த நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு மாமா மகனோடு வந்தார். மென்பொருளை வாங்கப் போகிற ஒரு வியாபாரியையும் கூட்டிவந்து யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கவைத்திருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "இனி உதை மகன் பாப்பான். இவளுக்கு ஒரு கலியாணத்தைப் பார். எல்லாம் உந்தச் சேர்வர்க் களஞ்சியத்தில கிடக்குத்தானே." குசினி வாசலில் நின்ற என் பக்கம் அவர் திரும்பவுமில்லை.

இரண்டாம் நாள் மகன் களஞ்சியத்தைத் திறந்து பார்த்திருக்கிறான். பழைய பதிப்புத்தான் இருந்தது. அன்று பின்னேரமே இருவரும் விடுதியிலிருந்து வாடகை வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"எங்கை பிள்ளை, நீ செய்ததெல்லாம்?"

"என்ர லப்டொப்பில, மாமா. ஒவ்வொரு நாளும் நீங்கள் பாத்தனீங்கள்தானே."

"பாத்தனான். அவ்வளவு நீளத்துக்குக் கிடந்ததே!"

"அதில கிடந்தால் இன்னும் ஒப்படைக்கேல்லை எண்டு அர்த்தம். வெறுமையாக் கிடந்தால்தான் வேலை முடிஞ்சுது. அப்பான்ர அந்தியேட்டிக்கு முதல்நாள் வெறுமையாக் கிடந்தது."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. "பழங்கதை கதைக்காமல் இப்ப அனுப்பு" என்றார். "அனுப்பு பிள்ளை" என்றாள் அம்மா.

மடிக்கணினியைக் கொண்டுவந்து அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்துப் பட்டியலை வரவழைத்தேன். திரை நிறைந்து வழிந்தது. மாமாவின் முகம் தெளிந்தது. பிறகு இரண்டு வரிகளைத் தட்டினேன். முதலாவது, மாற்றப்பட்டவற்றையெல்லாம் பழைய நிலைக்குத் திருப்புகிற வரி. இரண்டாவது, சேர்க்கப்படாத புதியவற்றைத் துடைத்துவிடுகிற வரி. மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று அவற்றை வாசித்தான். அவனுக்கு விளங்கியது. என் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அவன் ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அழுத்தினேன்.

பட்டியலை மறுபடி கேட்டேன். ஒன்றுமில்லை. "முடிஞ்சுது, மாமா" என்றேன்.

அழிந்தது என்னுடைய உழைப்பும்தான். பிரதி ஒன்றும் நான் வைத்திருக்கவில்லை. ஆனால் மாமா மகனைத் திரும்பிப் பார்த்து, அவன் தலையாட்டியதும் மெல்ல மெல்ல விளங்கி, கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்ப ஏலாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்னொரு முறையும் அதை எழுதி அழிப்பேன். வியாபாரி அடுத்த விமானத்தில் போய்விட்டார். அம்மா வெகுகாலம் என்னோடு பேசவில்லை. "என்ர சகோதரத்தை அறுத்துப்போட்டாய்" என்று அயலாருக்குக் கேட்கச் சொல்லி அழுதாள். இப்போது பேசுகிறாள். நான் யாழ்ப்பாணத்தில் வேறு இடத்தில் வேலை செய்கிறேன். செய்ததை அன்றன்றே ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறுகிறேன். காலம் போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

போன கிழமை மாமாவின் மகன் லண்டனிலிருந்து அழைப்பெடுத்தான். அங்கே பிறந்தவன், தமிழ் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். மென்பொருளை மறுபடி முதலிலிருந்து எழுதுகிறானாம்.

"மச்சாள், அப்பா இப்ப என்னட்டப் படம் கேக்கிறார். ஒவ்வொரு நாளும். வெறுமையா இருந்தால் கத்துறார்."

"நீர் விளங்கப்படுத்தேல்லையோ?"

"சொன்னனான். நீங்கள் சொன்னது பொய் எண்டு சொல்லுறார். நீளமா வேணுமாம்."

கொஞ்சம் யோசித்தேன். "ஒவ்வொரு கோப்பிலயும் ஒரு வெற்று இடைவெளி தட்டும்" என்றேன். "ஒண்டையும் ஒப்படையாதையும்."

மறுமுனையில் அவன் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நீங்கள் அடிச்ச ரெண்டு வரியும் எனக்கு ஞாபகம் இருக்கு, மச்சாள்" என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.