ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்

ஹைமாவதி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் குக்கர் கத்தினால் இந்தப் பக்கம் நான் எண்ணிக்கொள்வேன். பத்தொன்பது வருஷம் அவளும் கோதண்டராவும் அங்கே குடித்தனம் செய்தார்கள். அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. கடைசி நாலு வருஷம் பேசிக்கூடக் கேட்டதில்லை. சண்டை போடுகிற வீடு பிழைத்துக்கொள்ளும், பேசாத வீடுதான் தேறாது என்பது என் கட்சி.

ஹைமாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வலிக்காமல் ஊசி குத்துவாள் என்று விஜயநகரம் முழுக்கப் பெயர். கோதண்டராவ் பஸ் டெப்போவில் குமாஸ்தா. போன தீபாவளி கழிந்ததும் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். குடி, இன்னொருத்தி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. தனியாக இருந்தால் நிம்மதியாக இருக்கிறது என்றாராம். அதற்கு ஒரு பெண்பிள்ளை என்ன பதில் சொல்ல முடியும்? இருவரும் சம்மதித்தே கோர்ட்டில் மனுப் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் இருவர் பேரிலும் இருக்கிற வீட்டை விற்றுவிடுவதென்று முடிவாயிற்று. ஹைதராபாத்தில் படிக்கிற மகள் லாஸ்யா, எதுவானாலும் சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

தரகர் பைடிராஜு வந்தார். அறைகளைவிட வாசற்படியைத்தான் அதிக நேரம் பார்த்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைப்போம். புருஷன் போன பிறகு ஹைமா அதை விட்டுவிட்டாள். படி வெளுத்துக் கிடந்தது.

"சுவத்துல விரிசல்னா சிமெண்ட் பூசிடலாம் அம்மா. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்ச வீடுன்னு தெரிஞ்சா ஒருத்தன் உள்ள வரமாட்டான்" என்றார். "படிக்கு மஞ்சள் பூசுங்க. ஞாயித்துக்கிழமை ஐயாவை வந்து உட்காரச் சொல்லுங்க. அடுப்புல ஏதாவது கொதிக்கட்டும்."

என்னையும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார். தலையாட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. ஒன்பது மணி பஸ்ஸில் கோதண்டராவ் வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லுங்கியோடு கூடத்து நாற்காலியில் பேப்பர் படிப்பார். வீடு பார்க்க ஆள் வந்ததும் உள்ளிருந்து ஹைமா, "ஏங்க, மாடிச் சாவியை எங்க வெச்சீங்க?" என்று கேட்பாள். நாலு வருஷம் கழித்து அந்த 'ஏங்க' சுவரைத் தாண்டி வந்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

முதல் இரண்டு வாரம் வெறும் காபிதான். மூன்றாவது வாரம் சனிக்கிழமையே சந்தைக்குப் போய்ப் பலாப்பிஞ்சைப் பொடியாகக் கொத்தச் சொல்லி வாங்கி வந்தாள். கடுகு அரைத்துப் போட்ட அந்தக் கறி என்றால் அவருக்கு உயிர். வாசனைக்குத்தானே அடுப்பு, ஒரு ரசம் போதாதா என்று கேட்டேன். வருகிறவர்கள் மூக்கு எப்படிப்பட்ட மூக்கோ யார் கண்டது என்று சிரித்தாள். தலையில் கனகாம்பரம் வேறு.

ஆனால் வீடு மட்டும் விற்கவில்லை. காரணம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வந்தவர்களை வழியனுப்ப வாசல்வரை போகிறவள், மே மாதம் கிணறு வற்றிவிடும் என்று ஒருவரிடம் சொல்வாள். மாடி அறையில் மழைத்தண்ணீர் இறங்கும் என்று இன்னொருவரிடம். எல்லாம் நிஜம்தான். விற்கிறவள் சொல்கிற நிஜங்களா அவை? துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு ஒருநாள் நன்றாகத் திட்டினேன். உனக்கென்ன பைத்தியமா என்றேன்.

"வித்துட்டா அவர் எதுக்கு அக்கா இங்க வருவார்?" என்றாள்.



ஏழாவது ஞாயிறு ஹாரிகா என்ற இளம்பெண் புருஷனோடும் மாமியாரோடும் வந்தாள். கிணறு வற்றும் என்றாள் ஹைமா. ஆழப்படுத்திக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். மாடி ஒழுகும் என்றதற்கு, எங்கள் வீட்டிலும்தான் ஒழுகுகிறது என்று சிரித்தாள். முன்பணம் கொடுக்கப் பேச்சு வந்ததும், பக்கத்து வீட்டு ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

மாமியார் பையிலிருந்து அட்சதைப் பொட்டலத்தை எடுத்தாள். நிறைவாக வாழ்ந்த தம்பதியின் கையால் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்ட பிறகே பணம் என்றாள். சொல்லி வாய் மூடுமுன் சின்னஞ்சிறிசுகள் இரண்டும் இவர்கள் காலில் விழுந்துவிட்டன. கோதண்டராவ் ஒரு பிடி எடுத்து, நூறு வருஷம் ஒற்றுமையாக இருங்கள் என்று குரல் பிசகாமல் சொல்லித் தூவினார். ஹைமாவும் ஒரு பிடி எடுத்தாள், ஆனால் கை மூடியபடியே இருந்தது.

"எழுந்திரும்மா. எங்க அட்சதை உனக்கு வேணாம். இவர் இங்க இருக்கறதில்ல, விசாகப்பட்டினத்துல இருக்கார். அடுத்த மாசம் எங்களுக்கு விவாகரத்து."

அந்தப் பெண்ணை ஏமாற்ற மனம் வராமல் சொன்னாளா, விற்பனை நிற்கட்டும் என்று சொன்னாளா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. பைடிராஜு தலையில் கை வைத்துக்கொண்டார். மாமியார் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, கொஞ்சம் இருங்க" என்றாள் ஹாரிகா. "கிணறு வத்தும்னாங்க, மாடி ஒழுகும்னாங்க, இப்ப இதையும் சொல்லிட்டாங்க. இவங்களை நம்பி வாங்கலாம். ஆன்ட்டி, நீங்க மட்டும் போடுங்க, போதும்."

மறுபடியும் குனிந்தாள். ஹைமா கையை விரித்தாள். வியர்வையில் ஒட்டிக்கொண்ட அரிசியை மற்றக் கை விரலால் தள்ளித் தள்ளிப் போட வேண்டியிருந்தது. வீடு விலைபோயிற்று.

எல்லோரும் போன பிறகு கோதண்டராவ் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். சாப்பிட்டுப் போகலாமே என்றாள். இரண்டு மணி பஸ் இருக்கிறது என்றார். கோபமே இல்லை, முகத்தில் நல்ல சிரிப்பு.

"இவ்வளவு சுலபம்னு தெரியாம போச்சே ஹைமா. முதல் வாரமே சொல்லியிருந்தா எனக்கு இத்தனை ஞாயித்துக்கிழமை அலைச்சல் இருந்திருக்காது."

செருப்பை மாட்டிக்கொண்டு, மஞ்சள் பூசிய படியை மிதிக்காமல் தாண்டி, நல்ல மனுஷராகத்தான் போனார்.

அன்றைக்கும் அவருக்காகச் செய்திருந்த பலாக்கறியைச் சட்டியோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தட்டு வைத்தேன். உட்கார்ந்தாள், சாப்பிடவில்லை.

"அலைச்சலாம் அக்கா" என்றாள்.