ஆலைக்குப் பெயர் கிடையாது

ஓர் ஆலை பள்ளிக்கூடத்துக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் பத்திரிகையில் அதன் பெயர் வரும். முதலாளியின் பெயர் வரும். அவர் வீட்டம்மா குத்துவிளக்கு ஏற்றுகிற படமும் வரும். அதே ஆலையில் ஓர் ஆள் செத்துப்போனால் அது 'தனியார் ஆலை' ஆகிவிடும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான் படித்து வருகிறேன். நேற்றுவரை கொட்டை எழுத்தில் இருந்த பெயர் சாவு விழுந்த அன்றைக்கு மட்டும் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது என்று கேட்டால், ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

ஜெரோமுக்கு அந்த வித்தை தெரியாது. பெயர் போடுவதுதான் அவருடைய தொழிலே.

அன்னூரிலிருந்து கோவைக்கு வரும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி என்னுடைய ஜெராக்ஸ் கடை. மனுக்களும் டைப் அடித்துக் கொடுப்பேன். பக்கத்துக் கடை 'ஜெரோம் டிஜிட்டல்ஸ்'. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

ஜெரோம் படத்தில் கவுன்சிலர்களின் தொப்பையைக் குறைப்பார், வழுக்கையில் முடி வைப்பார், கறுத்த முகத்தை ரோஜாப்பூ நிறத்துக்குக் கொண்டுவருவார். கேட்டால், "உசுரோட இருக்கறவங்களுக்கு ஆசை இருக்குமல்லம்மா" என்று சிரிப்பார். செத்தவர்கள் படத்தில் மட்டும் கை வைக்க மாட்டார். இருந்த நிறத்தில்தான் போவார்கள்.

அதற்குக் காரணம் அவருடைய அப்பா சின்னான். தோட்டங்காட்டில் ஆயுள் முழுக்கப் பண்ணையாளாக இருந்தவர். தோட்டத்துக்காரர் வீட்டு வாண்டுகள்கூட அவரை "டேய் சின்னா" என்றுதான் கூப்பிடும். அவர் இறந்தபோது ஜெரோம் காந்திபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்கு இருந்தார். முதலாளியிடம் கேட்டு, அப்பாவுக்குத் தன் கையாலேயே ஒரு ஃபிளெக்ஸ் செய்தார். அப்பாவின் கறுத்த முகத்தை அப்படியே விட்டு, 'திரு. சின்னான் அவர்கள்' என்று அதில் போட்டார். அதை ஊர் முக்கில் கட்டிய அன்று, தோட்டத்துக்காரர் வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பெயர் போடுவதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தனக்குத் தெரிந்தது என்பார் ஜெரோம். பிறகு வேலையை விட்டு வந்து, பழைய மெஷின் ஒன்றை வாங்கி இங்கே கடை போட்டார்.

எந்த ஃபிளெக்ஸாக இருந்தாலும் வலது மூலையில் கடைப் பெயரும் கைப்பேசி எண்ணும் போட்டுவிடுவார். அச்சடித்தவன் பெயர் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. எங்கள் பக்கம் அதை மதிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கயல்விழி வந்தாள். அவள் புருசன் தமிழ்ச்செல்வன் எங்கள் ஊர் ஆலையில் லோடு ஏற்றுகிற வேலை செய்தவன். முந்தின நாள் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டதென்று அவனை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. பிணமாகத்தான் மேலே வந்தான். ஆலைக்காரர்கள் நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு நான் ஓடுறப்ப அவரு காதுக்குள்ளெல்லாம் சேறுங்கண்ணா," என்றாள் ஜெரோமிடம். "நெஞ்சு வலி வந்த மனுசனுக்குக் காதுல எப்படிங்க சேறு வரும்?"

அவள் கையில் அன்றைய பத்திரிகை இருந்தது. 'தனியார் ஆலையில் தொழிலாளி மயங்கி விழுந்து சாவு.' நாலே வரி. அதே பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு அதே ஆலையின் சித்திரைத் திருநாள் வாழ்த்து. பெயரோடு, சின்னத்தோடு, முதலாளி கும்பிடுகிற படத்தோடு. எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது.

செய்தி அனுப்பிய நிருபர் அழகிரிசாமி எங்கள் ஊர்க்காரர்தான். வண்டியில் 'பிரஸ்' என்று பெரிதாக ஒட்டியிருப்பார். டீக்கடையில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"நான் பேரோட, தொட்டியோடதானுங்க எழுதி அனுப்புனேன். ஆபீஸ்ல எடுத்துப்போட்டாங்க," என்றார். "நானும் அவிய வெளம்பரம் புடிச்சுக் குடுத்துத்தானுங்க பொழைக்கிறேன். என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க அம்மணி?"

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஆலையின் பெயரோடு போட்டிருக்கிறார்கள். டீ ஆறுவதற்குள் அதையும் அழித்துவிட்டார்கள். குரூப்பை நடத்துகிறவருடைய லாரிகள் அந்த ஆலைக்குத்தான் ஓடுகின்றன.

ஆக, கயல்விழிக்கு மிச்சம் இருந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட ஏழை செத்தாலும் அது உண்டு. அதை வெட்டிப்போட எந்த ஆபீஸிலும் ஆசிரியர் கிடையாது. ஆனால் அதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. வயதானவர் என்றால் 'இயற்கை எய்தினார்', இளவயது என்றால் 'அகால மரணம் அடைந்தார்'. எப்படிச் செத்தார், யாரால் செத்தார் என்று ஒருவரும் போடுவதில்லை.

"எப்படிச் செத்தாருன்னு போடுங்கண்ணா. மில்லு பேரைப் போட்டு எழுதுங்க," என்றாள் கயல்விழி. "நெஞ்சு வலின்னே ஆயிப்போச்சுன்னா நாளைக்கு இன்னொருத்தரை எறக்குவாங்க. எங்கூட்டுக்காரரு கூடப் பொறந்தவனும் அங்கதானுங்க லோடு ஏத்தறான்."

ஜெரோம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தமிழ்ச்செல்வனின் கல்யாணப் படத்தை எடுத்து வைத்தார். கீழே இப்படி அடித்தார்: 'ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இறக்கப்பட்டு, விஷவாயு தாக்கி உயிரிழந்தார்.' 'ஆலையின்' என்பதற்கு முன்னால் ஆலையின் முழுப் பெயர்.

நான் திரையின் வலது மூலையைக் காட்டினேன். "அண்ணா, இந்த ஒண்ணுல மட்டும் மூலையில இருக்கற உங்க பேரை எடுத்துப்போடுங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்," என்றேன்.

"ஏம்மா ப்ரியா, மில்லு பேரைப் போட்டுப்போட்டு என் பேரை ஒளிச்சு வெச்சா அது மொட்டைக் கடுதாசி ஆயிடாதா? பேரு போடாத பேனரு என் கடையை உட்டு வெளிய போவாது."

நான் எவ்வளவோ சொன்னேன். பிடிவாதக்காரர், கேட்கவில்லை.

அடித்தது இரண்டு. ஒன்றைக் கயல்விழி வீட்டு வாசலில் கட்டினார்கள். இன்னொன்றை விடியற்காலையில் ஆலைக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தில் கட்டினார்கள். காலை ஷிப்டுக்கு வந்த சனம் முழுவதும் அங்கே நின்று படித்தது. சிலர் வாய்விட்டுப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அன்று தொட்டியில் இறங்கச் சொன்னபோது ஒரு லோடுமேனும் இறங்கவில்லை. தமிழ்ச்செல்வனின் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றானாம். ஒரு பத்திரிகை செய்ய வேண்டிய வேலையை ஒரு சாவு ஃபிளெக்ஸ் அரை நாளில் செய்துவிட்டது.

மதியம் ஆலை மேனேஜர் வெங்கடபதி ஜெரோம் கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் மிரட்டல்கூட மரியாதையாகத்தான் வரும்.

"ஏனுங்க ஜெரோம், நல்லா இருக்கீங்களா? ஊட்ல குழந்தைங்கெல்லாம் சௌக்கியமுங்களா?" என்று ஆரம்பித்தார். "நீங்களே கஷ்டப்பட்டு மேல வந்தவரு. எதுக்குங்க இந்த வேலை? அவுத்துப்போட்டு, தப்பாப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க."

"தப்பா இருக்கறது எந்த வார்த்தைங்க? காட்டுங்க, மாத்தி அடிச்சுத் தாரேன்," என்றார் ஜெரோம்.

வெங்கடபதி சிரித்தார். "சரிங்க, வாரேனுங்க," என்று கைகூப்பிவிட்டுப் போனார். அவர் கார் திரும்பிய தூசி அடங்குவதற்குள் போலீஸ் வண்டி வந்தது.

தேடிப் பிடிக்கிற வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை. குற்றவாளியின் பெயர், எண், கடை எல்லாம் ஃபிளெக்ஸிலேயே இருந்தன. அனுமதி இல்லாமல் பேனர் வைத்தது, அவதூறு, தொழிலாளர்களைத் தூண்டி விட்டது என்று அடுக்கினார்கள். அனுமதியாம்! அதே சாலையில் தலைவர்களின் பிறந்த நாளுக்கும், பூப்புனித நீராட்டுக்கும், அந்த முதலாளியின் மணிவிழாவுக்கும் கட்டிய பேனர்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் அனுமதி கிடையாது. பாதி ஜெரோம் கையால் அடித்தவை. பொய்யைக் கட்ட அனுமதி தேவையில்லை, உண்மையைக் கட்டத்தான் தேவை என்று ஸ்டேஷன் வாசலில் எழுதி வைத்துவிடலாம்.

இரண்டு ஃபிளெக்ஸையும் அறுத்துக்கொண்டு போனார்கள். மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். ஜெரோமை ரிமாண்ட் செய்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'தனியார் ஆலை மீது அவதூறு பேனர்: ஃபிளெக்ஸ் கடைக்காரர் கைது.' அதில் ஜெரோமின் பெயர் இருந்தது. வயது இருந்தது. தெரு இருந்தது. கடையின் பெயரும் இருந்தது. சின்னான் மகன் என்றும் போட்டிருந்தார்கள், 'திரு' இல்லாமல். ஆலைக்கு மட்டும் அன்றைக்கும் பெயர் இல்லை. ஆளைக் கொன்றவனுக்குப் பெயர் கிடையாது, அதைச் சொன்னவனுக்கு அப்பன் பெயர்வரைக்கும் உண்டு. நான் அந்தப் பத்திரிகையைக் கசக்கித் தெருவில் எறிந்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், இதைப் பற்றி வெளியில் பேசக் கூடாது என்று நிபந்தனை. மெஷின் இல்லாமல் ஜெரோம் பகலெல்லாம் என் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆலை தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் மாற்றியது. உள்ளூர்க்காரர்கள் இறங்க மாட்டேன் என்றதும், தமிழ் படிக்கத் தெரியாத வடக்கத்தி ஆட்களை வேலைக்கு எடுத்தது. இதுவும் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

கையெழுத்துப் போடப் போகும்போது துணைக்கு நானும் போவேன். ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறவர்கள் வெயிலில் நிற்பார்கள். ஒரு நாள் போனபோது, அந்த இடத்தில் நாலு கம்பு நட்டு நிழல் போட்டிருந்தார்கள். நல்ல கனமான ஃபிளெக்ஸ். எங்கள் பக்கத்தில் பழைய ஃபிளெக்ஸை யாரும் வீணாக்க மாட்டார்கள். ஆட்டுப்பட்டிக்கு, விறகு மூட, மிளகாய் காயப்போட என்று ஏதாவது ஒன்றுக்கு ஆகிவிடும். போலீஸ்காரர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தானே! அச்சடித்த பக்கம் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். தமிழ்ச்செல்வன் கல்யாண மாலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டி, விஷவாயு, ஆலையின் முழுப் பெயர், மூலையில் 'ஜெரோம் டிஜிட்டல்ஸ்'. ஓர் எழுத்துகூடக் கிழியவில்லை.

அன்று அந்த நிழலில் ஆலைச் சட்டை போட்ட வடக்கத்திக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கைப்பேசி தொலைந்துபோனதென்று புகார் கொடுக்க வந்தவர். சட்டைப் பையில் தமிழில் தைத்திருந்த ஆலைப் பெயரையும் மேலே இருந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணா, இது எங்க கம்பெனியா? மேல என்ன எளுதி இருக்கு?" என்று ஜெரோமிடம் கேட்டார்.

நான் ஜெரோமின் கையைப் பிடித்தேன். உள்ளே எஸ்.ஐ. உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் ஜாமீன் போய்விடும். ஜெரோம் மெதுவாக என் கையை விலக்கினார். அந்த ஆள் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு வரியாக விரலால் காட்டி, அவருக்குப் புரிகிற தமிழில், கொஞ்சம் இந்தியும் கலந்து, படித்துச் சொன்னார். ஆலையின் பெயரை இரண்டு தடவை சொன்னார். அந்த மனிதர் கடைசிவரை கேட்டார். பிறகு கைப்பேசிப் புகாரைக் கொடுக்காமலே போய்விட்டார். மறுநாள் இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்து அந்த நிழலில் நின்றார்.

இதை எழுதலாமா என்று ஜெரோமிடம் கேட்டேன். "எழுதும்மா. என் பேரை மாத்தாத, கடை பேரையும் போடு," என்றார். போட்டுவிட்டேன். ஆலையின் பெயரையும் போட்டிருந்தேன். இதை வாங்கிய பத்திரிகை ஆசிரியர் நல்லவர்தான். 'அதை மட்டும் எடுத்துவிட்டால் போட்டுவிடலாம்மா' என்றார். ஊரின் பெயரையும் எடுக்கச் சொன்னார்.

அதனால் பெயர் வேண்டும் என்கிறவர்கள் அன்னூர் சாலையில் நேரே வாருங்கள். ஏதாவது தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஸ்டேஷன் நிழலில் நின்று அண்ணாந்து பாருங்கள். சீக்கிரம் வாருங்கள். இதைப் படித்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
சண்முகப்ரியா, ஜெராக்ஸ் கடை.