கம்பத்தில் ஒட்டிய இரங்கல் தாள்

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் வெலிச்கா அக்கா, டான்யூப் ஆற்றுத் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். நான்கு விரல் இடைவெளியில் இரும்புப் பெட்டியை இறக்கி வைத்தவர். அவரிடம் போய் நகராட்சி, "அளவெல்லாம் சரி" என்றால் வயிறு எரியாதா?

அவருடைய கணவர் மெத்தோதி பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் ஏழு படி. இரண்டு வருடம் மனு மேல் மனு போட்டு ஒரு சரிவுப்பாதை வந்தது. வந்த லட்சணம், ஓட்டுக்கூரை மாதிரி ஒரே சறுக்கல். அது முடிகிற இடத்தில் நட்ட நடுவே விளக்குக் கம்பம். மேற்பார்வைக் குழு என்று ஐந்து பேர் வந்தார்கள். எட்ட நின்று படம் எடுத்தார்கள், பணி திருப்திகரம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அன்று வாயைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்த வெட்கங்கெட்டவர்களில் நானும் ஒருவன்.

ஏழு மாதம் மெத்தோதி வெயிலையே பார்க்கவில்லை. அக்கா எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கம்பத்தில் கறுப்புக் கரையிட்ட இரங்கல் தாள் ஒன்றை ஒட்டினார். மேலே மெத்தோதியின் படம். கீழே பொடி எழுத்தில், "வெளியே வர வழியில்லாமல் ஏழு மாதமாக நம்மைப் பிரிந்திருக்கிறார்."

எங்கள் ஊரில் கறுப்புக் கரையைக் கண்டால் யார் மிச்சத்தைப் படிப்பார்கள்? சிலுவை போட்டுக்கொண்டு பூ வாங்க ஓடினோம். குழுத் தலைவர், கவுன்சிலர் ஸ்வெடோசாரும் சாவுக்குக் கொடுக்கும் இரட்டைப்படைக் கணக்கில் இரண்டு பூவோடு வந்தார். தேர்தல் நேரமாயிற்றே, துக்க வீட்டை விடுவாரா?

உள்ளே மெத்தோதி தயிர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"செத்தாதான் வருவீங்கன்னு தெரியும் தம்பி. வந்தது வந்தீங்க, இவரைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார் அக்கா கவுன்சிலரிடம்.

"அது வந்து அக்கா, ஆள் அனுப்புறேன்..."

"கையெழுத்து ஆள் வச்சா போட்டீங்க? புடிங்க."

வாசலில் நாங்கள் இருபது பேர் நின்றோம். மறுக்க முடியாமல் கவுன்சிலர் நாற்காலியைப் பிடித்தார். சறுக்கலில் இறங்கியதுமே அது அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. மெத்தோதியின் முட்டி கம்பத்தில் இடிக்க நான்கு விரல் இருக்கும்போது, குதிகாலை ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டார். பிரேக் தேய்ந்த நாற்காலி. கையை விட்டால் முட்டி போகும். மேலே இழுக்க அவருக்குத் தெம்பில்லை. உதவிக்கு எங்களைப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை.

"கம்பம் மின்சாரத் துறையோடதுக்கா. அதுல நாங்க கை வைக்க முடியாது" என்றார் கவுன்சிலர்.

"இதைப் பாக்காமலா திருப்தின்னு எழுதுனீங்க?"

அவர் குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினார்.

"உள்ள போகணுமாய்யா?" என்று அக்கா கணவரைக் கேட்டார்.

"வேணாம் வெலிச்கா. இங்க நல்லா வெயில் அடிக்குது."

அக்கா கவுன்சிலரின் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"நீங்க விட்டுடாம புடிச்சுக்கங்க தம்பி. கம்பத்தைப் புடுங்குறவன் நம்பரைச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

கவுன்சிலர் எண்ணைச் சொன்னார்.