ஐந்தாம் காட்டேஜ் ஃபிரிட்ஜின் முதுகு

1991ஆம் வருஷம் ஐப்பசியில், சேலத்து நூல் வியாபாரி வேலுசாமி, ஏற்காட்டில் தனக்கிருந்த ஆறு காட்டேஜ்களுக்கும் ஆறு குட்டி ஃபிரிட்ஜ்களை லாரியில் ஏற்றி அனுப்பினார். அன்று பதினோரு மணியாகியும் மூடுபனி விலகவில்லை. இறக்க வந்தவர்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, குளிர வைக்கும் இயந்திரங்களை நடுங்கிக்கொண்டே உள்ளே தூக்கிப் போனார்கள்.

காரணம் ஒரு கப்பல். சிங்கப்பூருக்குப் போன வேலுசாமியை அங்கிருந்த நூல் ஏஜெண்ட் மூன்று நாள் உல்லாசக் கப்பலில் அனுப்பி வைத்திருந்தார். கேபினில் மேசைக்கு அடியில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். உள்ளே வரிசையாகப் பாட்டில்கள், சாக்லேட், முந்திரி. எடுத்தால் எடுத்ததற்குப் பில். வேலுசாமி மூன்று நாளில் ஒரே ஒரு சோடாதான் எடுத்தார். ஆனால் கதவைத் திறந்து பார்த்தது நூறு தடவை இருக்கும். எடுப்பதில் இல்லை சுகம், எடுக்கலாம் என்பதில் இருக்கிறது என்று ஊருக்கு வந்து எல்லாரிடமும் விளக்கினார். கப்பலில் கிடைத்த அந்தச் சுகத்தை மலையில் தந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

மலைக்கு வந்தவர்கள் கேட்டதோ வெந்நீர். கார்த்திகை பிறந்ததும் ஒரு ஈரோட்டுக்காரர் ஃபிரிட்ஜைச் சுட்டிக் காட்டி, "இதை நிறுத்திருங்க பாய், பார்த்தாலே குளுருது" என்றார்.

பாய் என்பது ஜாபர் அலி. வயது ஐம்பத்தொன்று. காட்டேஜ்களின் ரூம் இன்சார்ஜாகப் பதினாறு வருஷம். நேர்மைக்குப் பேர் போனவர் என்று அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். ஒரு பெங்களூர் அம்மாள் தலையணைக்கு அடியில் விட்டுப்போன வைர மூக்குத்தியை, விலாசம் விசாரித்து, தன் லீவு நாளில் பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தவர். அந்தக் கதையை வேலுசாமி புது விருந்தினர்களுக்குச் சொல்லும்போது ஜாபர் அலி சாவிக் கொத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். கேட்கப் பிடிக்காது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். கதையில் பஸ் கட்டணத்தை விட்டுவிட்டால் மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுப்பார்.

காட்டேஜ்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் அவரும் மனைவி சுபைதாவும் இருந்தார்கள். சுபைதா காலையில் ஒண்டிக்கடை முக்கில், நாகலூர் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இட்லி விற்றாள். சித்திரை, வைகாசியில் அவள் இட்லிக்கு ஈடு இல்லை. மார்கழி வந்தால் கதை வேறு. ராத்திரி முழுக்க வைத்தாலும் மாவு பொங்காது. போர்வை சுற்றினாள், அடுப்புப் பக்கத்தில் வைத்தாள், மாவுப் போசியைக் கட்டிலில் தனக்கும் புருஷனுக்கும் நடுவில்கூட வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் இட்லியைத் தட்டில் தட்டிக் காட்டி, "ஏனுங்கம்மா, இதை வெச்சுச் செவுரு கட்டலாமுங்களா?" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. சுபைதா வீட்டுக்கு வந்து இட்லித் தட்டுகளைக் கழுவாமல் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் ஜாபர் அலி, ஐந்தாம் காட்டேஜில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தூசி துடைக்கக் கையை விட்டார். சுடச்சுட இல்லை, வெதுவெதுப்பு. முன்பக்கம் ஆறு பாட்டில்களைக் குளிர வைத்துக்கொண்டிருந்த இயந்திரம் பின்பக்கத்தில் ஒரு கணப்புச் சட்டியாக இருந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்த அந்தக் காலையில் அவர் கையை எடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் அங்கே தன் ஈரச் சாக்ஸைக் காயப்போட்டார். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், சலவைத் துணிக்கடியில் எவர்சில்வர் தூக்குப்போசியை மறைத்து எடுத்துவந்து, மோட்டாரின்மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, அதன்மேல் வைத்தார். விடிந்து பார்த்தால் மாவு விளிம்புக்கு வந்து நின்றது. ஒண்டிக்கடையில் அன்று ரைட்டர் எட்டு இட்லி சாப்பிட்டார். "என்னங்கம்மா, பஞ்சாட்டம் இருக்குது. என்ன வித்தை?" என்றார். சுபைதா, "எங்கூட்டுக்காரர் கைராசிங்க" என்றாள்.

ஐந்தாம் காட்டேஜ் பனிக்காலத்தில் பெரும்பாலும் காலிதான். ஆளில்லாத நாளில் போசி போகும், ஆள் வந்தால் போகாது. விருந்தினர் பொருள் ஒன்றும் குறையவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை அவர் தொடவில்லை. அதன் முதுகுச் சூடு எந்தப் பட்டியலிலும் எழுதப்படவில்லை. இப்படி அவர் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டே இருந்தார். நியாயம் தேவைப்படாத காரியத்துக்கு அவ்வளவு நியாயம் எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம் ஒரு எஸ்டேட் கல்யாணத்துக்கு எண்பது இட்லி கேட்டிருந்தார்கள். சுபைதா போசியைக் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தாள். விடிகாலை ஜாபர் அலி போய்ப் பார்த்தபோது மூடி மாவின்மேல் மிதந்துகொண்டிருந்தது. பொங்கியதில் பாதி மோட்டாரின்மேல் வழிந்து, கீழே தரையில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபிரிட்ஜ் 'டக்' என்றது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கை எட்டிய மட்டும் துடைத்தார். பலகைத் துண்டை எடுத்துக்கொண்டார். ஃபிரிட்ஜ் தானாக மறுபடி ஓடத் தொடங்கிவிடும் என்று நம்பிக் கதவைச் சாத்தினார்.

ஐந்து நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. தை மாதத்து ஏற்காட்டில் செத்த ஃபிரிட்ஜுக்கும் ஓடுகிற ஃபிரிட்ஜுக்கும் வித்தியாசம் கிடையாது. உள்ளே பாட்டில்கள் முன்போலவே ஜில்லென்று இருந்தன. காட்டிக்கொடுத்தது வாசனை. புதன்கிழமை வந்த ஒரு டாக்டர் குடும்பம், யாரோ ரூமில் வாந்தி எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி வேறு காட்டேஜ் கேட்டது. வியாழக்கிழமை வேலுசாமியே சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்குடன் வந்துவிட்டார்.

மெக்கானிக் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தான். மோட்டார் முழுக்கக் காய்ந்து வெடித்த வெள்ளைப் பூச்சு. விரலால் சுரண்டி முகர்ந்தான். "பழைய சோறுங்க. கஞ்சி."

எல்லாருடைய கண்ணும் மாதம்மாள் பக்கம் திரும்பியது. கிளியூர்க்காரி. ஒன்பது வருஷமாகக் காட்டேஜ்களைக் கூட்டித் துடைப்பவள். மதியத்துக்குக் கஞ்சி கொண்டுவருவாள். மழையானாலும் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்துதான் குடிப்பாள். ரூமுக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

"மாதம்மா, கஞ்சியை இங்கயா வெச்ச?" என்றார் வேலுசாமி.

"இல்லீங்க."

"பின்ன யாரு, டாக்டரா கொண்டாந்தாரு?"

"நான் வெக்கலீங்க. வெச்சா வெச்சேன்னு சொல்லிருவேனுங்க. பயமா எனக்கு?"

வேலுசாமி ஜாபர் அலியைப் பார்த்தார். மாதம்மாளும் பார்த்தாள். பதினாறு வருஷ நேர்மை முழுக்கச் சேர்த்து வைத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்தில் செலவழிக்கத்தானோ என்னவோ. ஜாபர் அலி தொண்டையைச் செருமினார்.

"விசாரிக்கிறேனுங்க" என்றார்.

"அது சரி. ஞாயித்துக்கெழம வர்றேன், அதுக்குள்ள விசாரிச்சு வைங்க. அதுவரைக்கும் இதை யாரும் தொடைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மாதம்மா, நீ ஊட்டுல இரு. பாய் சொல்றதுதான் முடிவு."

இப்படியாகக் குற்றவாளியே விசாரணை அதிகாரி ஆனார். மாதம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

சுபைதாவிடம் அன்று சாயங்காலம் சொன்னார். அவள் உளுந்து ஆட்டுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, போயிச் சொல்லிப்போடுங்க. இட்லி இல்லாட்டிப் போவுது."

"சொல்லலாம். எப்படிச் சொல்றதுன்னுதான்."

"நான் வெச்சேன்னு சொல்லோணும். அதுக்கு என்ன எப்படி?"

"உனக்குத் தெரியாது சுபைதா. நான் வேற ஆளுன்னா பரவால்ல."

"வேற ஆளா இருந்தா மாதம்மாவுக்கும் பரவால்லீங்களே" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனார். வழக்கமாக முன்வரிசையில் இடம் விட்டு வைப்பார்கள். அன்று கடைசியில், செருப்புகள் கிடந்த பக்கம் நின்றார். தொழுகை முடிந்ததும் பலசரக்குக் கடை நூர் முகமது தோளைத் தட்டினார். "மாதம்மான்னு யாரோ ரூமுக்குள்ள கஞ்சி கொட்டி ஃபிரிட்ஜைக் கெடுத்துப்போட்டாளாமே? உங்களாட்டம் ஆளு இருக்கிற எடத்துலயே இப்படியா?" மாதம்மாள் பேர் ஒண்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இனி வேறு ஹோட்டலில் துடைப்பம் கேட்டுப் போனாலும் அந்தப் பேர் முன்னாலேயே போய் நிற்கும். ஜாபர் அலி "ஆமாங்க" என்று சொன்னார். எதற்கு ஆமாம் என்று அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சுபைதாவுக்குக் காய்ச்சல். இட்லிக் கூடையோடு அவர்தான் முக்கில் உட்கார்ந்திருந்தார். மாவு வீட்டிலேயே புளிக்க வைத்தது. மற்ற ஐந்து ஃபிரிட்ஜ்கள் பக்கம் போக அவருக்குத் துணிச்சல் இல்லை. மாதம்மாள் வந்தாள். தோட்டத்தில் கூலிக்குக் கேட்க நாகலூர் பஸ்ஸுக்கு வந்திருந்தாள்.

"ரெண்டு இட்லி குடுங்க பாய்."

கொடுத்தார். அவள் ஒன்றைப் பிய்க்கப் பார்த்தாள். எளிதில் வரவில்லை. இட்லியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"போன வாரம் வரைக்கும் பூவாட்டம் இருந்துச்சுங்க."

"குளுருதுல்ல."

"போன வாரமும் குளுருச்சுங்களே." அவள் மெதுவாக மென்றாள். "அந்த ரூமு வாசம் என்னன்னு ரெண்டு நாளா யோசிக்கிறேனுங்க. கஞ்சி அப்படி நாறாது. உளுந்துதான் அப்படி நாறும். எங்கூட்டுல உளுந்து வாங்கறது நோம்பி, பண்டிகைக்கு மட்டுந்தானுங்க."

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். முழுசாகக் கிடந்த இன்னொரு இட்லியைத் தட்டிலேயே விட்டுப்போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலுசாமி ஆபீஸில் உட்கார்ந்ததும் ஜாபர் அலி போய் முன்னால் நின்றார். மூன்று நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "அது எங்கூட்டு மாவுங்க" என்றார்.

"என்ன மாவு?"

"இட்லி மாவு. பொங்கறதுக்கு ஃபிரிட்ஜுல வெச்சேனுங்க. வழிஞ்சுபோச்சு. மாதம்மா மேல தப்பு இல்லீங்க."

வேலுசாமி சிரித்தார்.

"பாய், பொய் சொல்றதுக்கும் பழக்கம் வேணும். மாவு பொங்கறதுக்கு எவனாச்சும் ஃபிரிட்ஜுல வெப்பானா? பொங்காம இருக்கத்தான் வெப்பாங்க. எங்கூட்டுல பத்து வருசமா ஃபிரிட்ஜு இருக்குது, எனக்குத் தெரியாதா?"

"உள்ள இல்லீங்க. பின்னால."

"சரி, சரி. புரியுது. ஏழைப் பொம்பளை, பொழப்புப் போயிருமேன்னு நீங்க தலைல ஏத்துக்கறீங்க. உங்க மனசு யாருக்கு வரும்."

ஜாபர் அலி வாயைத் திறந்தார். அதற்குள் வேலுசாமி எழுந்து வெளியே போய், வேலைக்காரர்களையெல்லாம் வாசலில் கூப்பிட்டுவிட்டார். தகவல் சொல்லி வரவழைத்திருந்த மாதம்மாளும் நின்றாள்.

"மாதம்மா, செஞ்சது தப்புன்னாலும் உன்னை மறுபடி எடுத்துக்கறேன். ஏன் தெரியுமா? உனக்காக இந்த மனுசன் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டாரு. பார்த்துக் கத்துக்கங்க எல்லாரும். பாய்க்கு ஒரு கும்பிடு போடு."

சமையல்காரன் தலையாட்டினான். தோட்டக்காரன் கண்ணைத் துடைத்தாற்போல இருந்தது. மாதம்மாள் இரண்டு கையையும் சேர்த்து, ஜாபர் அலியின் கண்ணைப் பார்த்தபடியே கும்பிட்டாள்.

"நல்லா இருங்க பாய்" என்றாள்.

உண்மையை மறைத்திருந்தபோதுகூட அவருக்கு முகம் இப்படி எரியவில்லை. உண்மையைச் சொல்லியும் அவருக்குக் கிடைத்தது இன்னொரு மூக்குத்திக் கதை. வேலுசாமி இதை அடுத்த வாரமே விருந்தினர்களுக்குச் சொல்லுவார். தானும் சாவிக் கொத்தைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

"மொதலாளி, இங்க வாங்க" என்றார். பதினாறு வருஷத்தில் வேலுசாமியின் கையை அவர் பிடித்ததில்லை. பிடித்தார். காலியாக இருந்த இரண்டாம் காட்டேஜுக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போய், முழங்காலில் உட்கார வைத்து, அந்தக் கையை ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் நுழைத்தார்.

வேலுசாமியின் முகம் மாற நேரம் எடுத்தது.

"சுடுதே" என்றார்.

"ஆமாங்க."

"கப்பல்லயும் இப்படித்தான் சுட்டிருக்குமா?" என்று கேட்டார், தன்னையே கேட்டுக்கொள்வதுபோல. பிறகு கையை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஜாபர் அலியைப் பார்க்காமல், கதவருகில் வந்து நின்ற மாதம்மாளையும் பார்க்காமல், "நாளைக்கு வேலைக்கு வந்துரு மாதம்மா" என்றார். ஜாபர் அலியிடம் கையை நீட்டினார். எதற்கென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் சாவிக் கொத்தைக் கொடுத்தார். வேலுசாமி அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். திட்டியிருந்தால் ஜாபர் அலிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மாதம்மாள் போகவில்லை.

"அந்த மாவை நான் தொடைக்க மாட்டேனுங்க" என்றாள்.

"இல்ல. நான் தொடைக்கிறேன்."

வாசனை போகத் திறந்துபோட்டிருந்த ஐந்தாம் காட்டேஜில் மாவு சிமெண்டாகியிருந்தது. ஜாபர் அலி ஒரு வாளி வெந்நீரும் தோசைக் கரண்டியும் கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டுச் சுரண்டினார். மாதம்மாள் நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். ரூமுக்குள் காலை வைக்கவில்லை.

"மூணு நாளு பாய்" என்றாள்.

அவர் சுரண்டிக்கொண்டே சொன்னார். "பேரு போயிருமுன்னு."

"அப்ப எம்பேரு?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். மாதம்மாள் ஒன்பது வருஷம் தரை துடைத்தவளின் கண்ணோடு விரலை நீட்டினாள்.

"அந்த மூலைல இன்னும் கெடக்குதுங்க."