மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

நோயாளியாக இருப்பதும் ஒரு வேலைதான்; நேரத்துக்குப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். உங்களில் இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

வெண்டைக்காய்

டில்லி லோதி ரோடு ஆபீசிலிருந்து ரிடையர் ஆன மறு வருடம், இடுப்பு வலி என்று போனேன். டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டி, முழுக்கக் குணமாக்க முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம், பலர் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். அந்தப் பலரில் நானும் உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது என் மனைவி கமலா அவரிடம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

மயூர் விஹாருக்கு ஆட்டோவில் திரும்பினோம். யமுனைப் பாலத்தில் நெரிசல். சாயங்கால வெயிலில் ஆறு பித்தளைத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. ஆட்டோ நிற்கிறதா, நாங்கள் மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. எத்தனை நாள் என்று கேட்டாயா என்றேன். கமலா ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்: “அதை நான் கேட்கலை. வெண்டைக்காய் சாப்பிடலாமான்னு கேட்டேன். தாராளமா சாப்பிடலாமாம்.”

ஜனவரியில் வியர்வை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி ஆண் ஹார்மோனை அடக்கிவிடும். பதிலுக்கு, நினைத்த நேரத்தில் உடம்பு தீயாய்த் தகிக்கும். போட்டுக்கொள்பவர்களுக்குத் தெரியும். ஒரு ஜனவரிக் காலையில் ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு பால்கனியில் போய் நின்றேன். மூடுபனியில் எதிர் ஃபிளாட் காணாமல் போயிருந்தது. மரமில்லை, தெருவில்லை, எங்கிருந்தோ பால்காரரின் சைக்கிள் மணி மட்டும் வந்தது. வெள்ளையாக ஒரு கனவுக்குள் நான் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தேன்.

கமலா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். முந்தானையால் என் முதுகைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு மாதவிலக்கு நின்ன சமயம் இந்த அவஸ்தையை ஏழு வருஷம் தனியாத்தான் பட்டேன். இப்பத்தான் துணைக்கு ஆள் வந்திருக்கு.”

இலவம்பஞ்சு

ஊசி போடும் அறைக்கு வெளியே என் பெஞ்சுத் தோழர் குர்தீப் சிங், ஜனக்புரிக்காரர், அதே நோய். கோடையில் இலவ மரத்துக் காய்கள் வெடித்து ஜன்னல் வழியே பஞ்சு மிதந்து வரும். அது எங்கே இறங்கும் என்று பார்த்துக்கொண்டே பாதி தூக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஒரு முறை அவர் புது ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். ஓட்டலாமா என்று டாக்டரைக் கேட்டாராம். எலும்பு உறுதியாக இருக்கிறது, விழாமல் ஓட்டுங்கள் என்றாராம். இந்த வயதில் எதற்கு என்று நான் கேட்டேன். தாடியில் ஒட்டிய பஞ்சை எடுக்காமலே சொன்னார்: “பையா, பழசு மக்கர் பண்ணுது. நான் பண்ணலையே.”

எண் ஏறியபோது

ஆறாவது வருடம், அடங்கியிருந்த ரத்தப் பரிசோதனை எண் ஏறத் தொடங்கியது. இடுப்பில் பழைய வலி எட்டிப் பார்த்தது. அந்த வாரம் முழுக்க நானும் கமலாவும் தேவைக்கு மேல் மெதுவாகப் பேசிக்கொண்டோம். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் நித்யா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

டாக்டரம்மா புதிதாக மாத்திரை எழுதினார். தினமும் நடக்கச் சொன்னார். வெளியே வந்ததும், மாத்திரை கேட்காவிட்டால் என்ன செய்வது என்றேன். நித்யா தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள்: “அப்பா, ஃபர்ஸ்ட் இது சாப்பிடுங்க. பயம் அப்புறம் சாப்பிடலாம்.”

வலி போயிற்று. எண்ணும் இறங்கியது.

புதியவர்

போன மாதம் ஊசி அறையில் ஒரு புது முகம். மதுரைப் பக்கம், பேங்க் வேலை. எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேட்டார். ஒன்பது என்றேன். தலையிலிருந்து கால் வரை என்னைப் பார்த்தார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, எனக்கும் டீ ஊற்றிக்கொண்டே கேட்டார்: “அப்ப, நான் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லலாம்ல சார்?”

இந்த நோயோடு இத்தனை காலம் இருப்பதில் உள்ள சங்கடம் என்னவென்றால், பல்வலிக்கும் கண்புரைக்கும் நாமும் எல்லாரையும் போலப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.