பெருநாள் தெரியாத பூனை

நோன்பு மாதம் முடிந்துவிட்டது என்பதை எங்கள் வீட்டுப் பூனையிடம் யாரும் சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுவில், பழவேற்காட்டில் என் கணவருக்குக் கருவாட்டு வியாபாரம். வீட்டில் மாமியார், நாங்கள், குழந்தைகள். நோன்பு மாதத்தில் விடியும் முன்னே எழுந்து சஹர் சோறு ஆக்குவது என் வேலை. ஆக்கிவிட்டு ஒவ்வொருவராக எழுப்ப வேண்டும். அவர்கள் அரைத் தூக்கத்தில் சாப்பிட, மீன் தலையெல்லாம் பூனைக்குப் போகும். ஒரு மாதம் அதற்கு ராஜபோகம்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எல்லோரும் அசந்து தூங்கினார்கள். நானும் தூங்கியிருப்பேன். சஹர் நேரத்துக்குச் சரியாகப் பூனை வந்து என் கன்னத்தில் காலை வைத்தது. நகராமல் கிடந்தேன்; முடியைக் கடித்து இழுத்தது. அதற்கும் அசையாததால் அடுக்களைக்குப் போய்ப் பானை மூடியைத் தள்ளிவிட்டது. குழந்தை எழுந்து அழுதால் அப்புறம் யாருக்கும் தூக்கம் இல்லை. எழுந்து போய் மீதி மீனைப் போட்டேன். தினமும் இதே கதை. பகலெல்லாம் கண் எரியும். உலை பொங்கி வழிய, அதன் எதிரே உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

"எப்டியும் முழிச்சிக்கினுதானே கீறே, உட்டுப்போன நோன்ப புடிச்சி முடிச்சிடேன்" என்றார் மாமியார். பெண்களுக்கு மாத விலக்கு நாட்களில் நோன்பு கிடையாது. பிறகு வேறு நாட்களில் பிடித்து ஈடுசெய்ய வேண்டும். நல்ல யோசனை என்றுதான் பட்டது. நான் சஹருக்கு உட்கார்ந்தேன், பூனையும் எதிரே வந்து உட்கார்ந்தது. என் கடமை தீர்ந்தது. பூனையின் பழக்கமோ இன்னும் கெட்டிப்பட்டுப் போனது. இந்தக் கூத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அக்கா முறையான பக்கத்து வீட்டு லாத்தாதான் கடைசியில் வழி சொன்னார். "ராவுல வவுறு நெறையப் போடு. காலீல கத்தினா எழுந்திருக்காதே. நாலு நாள்ல அடங்கிடும்." அப்படியே செய்தேன். அடுக்களைக் கதவையும் சாத்தி வைத்தேன். பூனை கத்தித் தீர்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் கத்தல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்போது போர்வைக்குள்ளிருந்து கணவர், "எழுந்து அதுக்கு எதனா போடேன், பேஜாரா கீது" என்றார்.

போட்டேன். பட்ட பாடெல்லாம் பாழ். பூனை மேல் வந்ததைவிட அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

அதற்குப் பிறகு தங்கை கல்யாணம் வந்தது. குழந்தைகளோடு மீஞ்சூரில் அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்கினேன். திரும்பி வந்தபோது கணவரின் கண் சிவந்திருந்தது.

"தெனம் வந்து என்னைப் பிராண்டுது. எப்டித்தான் இத்தினி நாளா தாங்கினியோ."

"நீங்க இன்னா செஞ்சீங்க?"

"இன்னா செய்றது, எழுந்து மீனு போட்டேன்."

மறுநாள் விடியலில் பூனை என்னைத் தாண்டிக்கொண்டு அவரிடம் போனது.

"இந்தா, எழுந்து அதுக்கு எதனா போடு" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளாக அவர் கூப்பிட்டு நான் எழாமல் இருந்ததில்லை. அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே எழுந்து போனார். அடுக்களையில் பானை மூடி விழுந்தது. இந்தத் தடவை தள்ளிவிட்டது அவர். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று புரண்டு படுத்தேன். அவர் திரும்பி வந்து படுத்த கையோடு குறட்டை விட்டார். பூனையும் அவர் காலடியில் சுருண்டுகொண்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை விழித்தே கிடந்தேன்.

அந்தப் பூனை செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவரும் இல்லை. எழுப்ப வேண்டியவர்கள் யாரும் வீட்டில் இல்லை. அந்த நேரத்துக்கு எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது.